ஷான் கல்லாகர்: நிகழ்வியல் ஆய்வுக்கூடத்துக்குள் எந்த வாசல் வழியாக வருகிறது?

வேப்பங்கிளை

பிரக்ஞை பற்றிய பழைய இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "தத்துவக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் யோசித்துச் சொல்வதற்கும் மூளை ஆய்வுக்கும் என்ன சம்பந்தம்?" பதில் நீண்டுவிட்டது, அதனால் தனி இழை.

நான் எடுத்துக்கொள்வது ஷான் கல்லாகரை. மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர். ஹுசர்ல், மெர்லோ-பாண்டி என்ற தத்துவவாதிகளின் வழிவந்த நிகழ்வியலையும் நரம்பியல், உளவியல் ஆய்வுகளையும் ஒரே மேசையில் வைத்து வேலை செய்தவர்களில் முக்கியமானவர். இந்த இரண்டு துறைகளுக்கும் பொதுவாக 2002இல் ஓர் ஆய்விதழே தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 2005இல் வந்த அவருடைய புத்தகம் உடல் எப்படி மனதை வடிவமைக்கிறது என்பதைப் பற்றியது.

நிகழ்வியல் தெரியாதவர்களுக்கு: ஓர் அனுபவம் அனுபவிப்பவருக்கு எப்படி இருக்கிறது, அதன் அமைப்பு என்ன என்று விவரிப்பது அதன் வேலை. அந்த அனுபவம் எதனால் உண்டாகிறது என்ற கேள்வியை அது தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிடும். இது போதும் இப்போதைக்கு.

இவர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள். ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார். உங்கள் கை முன்னால் நிற்பவரின் முதுகில் போய் இடிக்கிறது. நகர்ந்தது யாருடைய கை? உங்களுடையது, அதில் சந்தேகமே இல்லை. நகர்த்தியது யார்? நீங்கள் இல்லை. நீங்களாகக் கையை நீட்டிக் கம்பியைப் பிடிக்கும்போது "இது என் அசைவு" என்பதும் "இதைச் செய்வது நான்" என்பதும் ஒன்றாகவே இருப்பதால் பிரிவு தெரிவதில்லை. இடிபடும்போது பிரிந்துவிடுகிறது. முதலாவதை உடைமை உணர்வு, இரண்டாவதைச் செய்பவர் உணர்வு என்று வைத்துக்கொள்வோம். 2000இல் வந்த ஒரு கட்டுரையில் கல்லாகர் இந்தப் பிரிவை அறிதிறன் அறிவியலாளர்களுக்குப் புரியும்படி எழுதினார்.

இரண்டே ஆண்டுகளில், 2002இல், ஃபாரர், ஃப்ரித் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பிரிவை வைத்து ஒரு மூளை ஸ்கேன் சோதனை செய்தார்கள். ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர் கையில் ஜாய்ஸ்டிக். திரையில் ஒரு வட்டம் நகரும். சில சுற்றுகளில் வட்டத்தை ஓட்டுவது நீங்கள்தான் என்பார்கள். சில சுற்றுகளில் ஆய்வாளர் ஓட்டுவார். ஆனால் அப்போதும் நீங்கள் ஜாய்ஸ்டிக்கை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம். கை இரண்டிலும் அசைகிறது, ஆகவே உடைமை உணர்வு மாறுவதில்லை. செய்பவர் உணர்வு மட்டும் மாறுகிறது. "நான் ஓட்டுகிறேன்" என்னும்போது முன் இன்சுலா என்ற பகுதியும், "அவர் ஓட்டுகிறார்" என்னும்போது கீழ் பரைட்டல் பகுதியும் கூடுதலாக வேலை செய்தன.

என் கட்சி இதுதான்: நிகழ்வியல் அறிவியலுக்கு உதவுவது சோதனை முடிந்தபின் "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பதில் அல்ல. சோதனையைத் திட்டமிடும்போதே, எதை எதிலிருந்து பிரித்து அளக்க வேண்டும் என்று சொல்வதில். கல்லாகர் 2003இல் இதையே ஒரு முறையாக முன்வைத்தார்.

கணினிக்கிழவன்

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்குச் செரிக்கவில்லை.

மனிதன் தன் மனதைப் பற்றிச் சொல்வதை நம்ப முடியாது என்பது பழைய செய்தி. நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977இல் எழுதியதைப் பாருங்கள். ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, "எது தரமானது?" என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் பலரும் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் நெசவு, வழவழப்பு என்று காரணம் சொன்னார்கள். இருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

2005இல் ஸ்வீடனில் இன்னும் மோசம். இரண்டு முகப் படங்களைக் காட்டி, யார் அழகு என்று தேர்வு செய்யச் சொன்னார்கள். பிறகு கைவித்தை செய்து, தேர்வு செய்யாத படத்தை நீட்டி, "இவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்றார்கள். பெரும்பாலானவர்கள் படம் மாறியதைக் கவனிக்காமல், தாங்கள் எடுக்கவே எடுக்காத முகத்துக்குக் காரணம் அடுக்கினார்கள்.

இப்படிப்பட்ட பிராணி "என் அனுபவத்தின் அமைப்பு இது" என்று எழுதினால், அதை ஏன் ஒரு தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும்? நாற்காலியில் சாய்ந்தபடி எழுதினால் மட்டும் நம்பகம் கூடிவிடுமா?

சும்மா_வாசிப்பவன்

இடையில் ஒரு சின்ன சந்தேகம். ரப்பர் கை வித்தை என்று ஒன்று உண்டே, நம் கையை மறைத்துவிட்டு மேசைமேல் ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள்; கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே நம் கை போலத் தோன்றும். அது இந்தப் பிரிவில் எங்கே வரும்?

வேப்பங்கிளை

@சும்மா_வாசிப்பவன் அருமையான உதாரணம். போட்வினிக், கோஹென் என்ற ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட சோதனை அது. அங்கே உடைமை உணர்வு ரப்பர் கைக்கு நகர்ந்துவிடுகிறது, ஆனால் அதை நீங்கள் எதுவும் செய்யவில்லை. செய்பவர் உணர்வு இல்லாமலே உடைமை உணர்வு வரலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

> இப்படிப்பட்ட பிராணி "என் அனுபவத்தின் அமைப்பு இது" என்று எழுதினால்

ஐயா, இந்த இரண்டு ஆய்வுகளும் காட்டுவது, மனிதர்கள் தங்கள் செயலுக்கான *காரணத்தை* அறிவதில் தவறுகிறார்கள் என்பதை. நிகழ்வியல் காரணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. "எனக்கு ஏன் இந்த முகம் பிடித்தது?" என்பது அதன் கேள்வி அல்ல, "ஒன்றைப் பார்க்கும்போது அதன் பின்பக்கமும் இருக்கிறது என்ற உணர்வு எப்படிக் கூடவே வருகிறது?" என்பது போன்றவை அதன் கேள்விகள்.

இன்னொன்று. அந்த முகப்பட சோதனையைப் பிரான்ஸில் க்ளேர் பெடிட்மாஜின் குழுவினர் 2013இல் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். தேர்வு செய்த கணத்தை மெதுவாக, படிப்படியாக நினைவுக்குக் கொண்டுவர உதவும் ஒரு நேர்காணலைப் படம் மாறியவர்களிடம் நடத்தினார்கள். நேர்காணல் இல்லாதபோது 33 சதவீதம் பேர் மோசடியைக் கண்டுபிடித்தார்கள். நேர்காணலோடு 80 சதவீதம். தன் அனுபவத்தைக் கவனிப்பது ஒரு திறமை, அதைப் பழக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

இருந்தாலும் நான் இதைப் பிடித்துத் தொங்கப்போவதில்லை. காரணம், கல்லாகரின் வழிக்கு இந்தப் பழக்கமே தேவையில்லை. பழகியவர்களின் விவரிப்பைத் தரவாக எடுத்தது ஃபிரான்சிஸ்கோ வரேலா. அவர் 1996இல் அறிவித்த நரம்புநிகழ்வியல் திட்டத்தில், சோதனைக்கு வருபவரே தன் அனுபவத்தை விவரிக்கப் பயிற்சி பெற வேண்டும். அவர் மறைந்தபின் 2002இல் லூட்ஸ் முதலானோருடன் வெளிவந்த ஆய்வு அப்படிப்பட்டது: புள்ளிக் குவியலில் முப்பரிமாண உருவம் தோன்றும் கணத்துக்கு முன் தாங்கள் எவ்வளவு தயாராக இருந்தோம் என்று பங்கேற்பாளர்களே தங்கள் சொற்களில் வகைப்படுத்தினார்கள், அந்த வகைக்கேற்ப மூளை அலைகளின் ஒத்திசைவும் மாறியது. அழகான வேலைதான். ஆனால் பயிற்சி பெற்ற ஒரு சிலரைத் தாண்டி இந்த முறை பெரிதாகப் பரவவில்லை. ஜாய்ஸ்டிக் சோதனையிலோ பங்கேற்றவருக்கு நிகழ்வியல் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிசியோ_மதுரை

வணக்கம். நான் தத்துவம் படித்தவள் இல்லை, நரம்புப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். கல்லாகர் பெயர் எங்களுக்கு வேறு வழியில் வந்தது. அயன் வாட்டர்மேன் கேஸ்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர், ஜெர்சி தீவில் இறைச்சிக் கடையில் வேலை. 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சல். அதைத் தொடர்ந்து அவருடைய எதிர்ப்பு சக்தியே கழுத்துக்குக் கீழே உள்ள பெரிய உணர்வு நரம்பிழைகளை அழித்துவிட்டது. தொடு உணர்வு போய்விட்டது. கை கால் எங்கே இருக்கிறது, எப்படி மடங்கியிருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரியுமே, அதுவும் போய்விட்டது. வலி, சூடு, குளிர் தெரியும். தசைகளுக்குப் போகும் நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது இது பக்கவாதம் இல்லை. கை அசையும், ஆனால் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

அவர் திரும்ப நடந்தார். எப்படி என்றால், ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து. விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். சளி பிடித்தால்கூடப் படுத்துவிடுவார், கவனம் குவியாது. ஆனால் கார் ஓட்டுவார்!

இதன் சிறிய வடிவத்தை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் சிலர் வந்து சொல்வார்கள்: "வாஷ்பேசின்ல முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ண மூடுனா தள்ளுதும்மா." பாதத்திலிருந்து வரும் தகவல் குறைந்துபோய், கண்தான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது. கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்க்கும் ரோம்பர்க் சோதனையும் இதற்குத்தான்.

வாட்டர்மேனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டாக்டர் ஜோனதன் கோலும் கல்லாகரும் சேர்ந்து 1995இல் எழுதினார்கள். உடல் பிம்பம் வேறு, உடல் திட்டம் வேறு என்பது அதன் சாரம். உடல் பிம்பம் என்பது நான் என் உடலைப் பற்றிப் பார்ப்பது, நினைப்பது, நம்புவது. உடல் திட்டம் என்பது நான் கவனிக்காமலே என் நிற்பையும் நடையையும் நடத்திக்கொண்டிருப்பது. வாட்டர்மேனுக்குத் திட்டம் பெரும்பாலும் போய்விட்டது; பிம்பத்தை வைத்து அதன் வேலையைச் செய்கிறார். இதைப் படித்தபின் நோயாளிகளிடம் "காலைக் கவனித்து எடுத்து வையுங்கள்" என்று எப்போது சொல்வது, "யோசிக்காமல் நடங்கள்" என்று எப்போது சொல்வது என்பதில் எனக்கு ஒரு தெளிவு வந்தது.

எங்கள் துறையில் நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியை (நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி, இழந்த கை இருப்பதுபோல் தோன்றவைப்பது) எல்லாருக்கும் தெரியும். சென்னை ஸ்டான்லியில் படித்தவர் என்பதால் நமக்குப் பெருமை வேறு. கல்லாகரை யாருக்கும் தெரியாது, அது ஒரு குறைதான்.

கணினிக்கிழவன்

அம்மா, அற்புதமான கேஸ். ஆனால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நோயாளியை ஆராய்ந்தது மருத்துவர். உடல் திட்டம் என்ற கருத்தும் 1911இலேயே ஹெட், ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர்கள் சொன்னது. தத்துவக்காரர் இதில் போட்ட பங்கு என்ன? பெயர்ப்பலகை எழுதியதா?

வேப்பங்கிளை

பெயர்ப்பலகை குழம்பிப் போயிருந்தது ஐயா. ஹெட், ஹோம்ஸுக்குப் பிறகு வந்தவர்கள் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். மெர்லோ-பாண்டியின் 1945 நூலேகூட ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தக் குழப்பத்தில் சிக்கியது. கல்லாகர் 1986இலேயே இதைப் பிரித்து எழுதிவிட்டார், வாட்டர்மேன் பற்றிய கட்டுரைக்கு 9 ஆண்டுகள் முன்பு. பிரிவு முதலில் வந்தது, அதைச் சோதிக்கும் நோயாளி பிறகு கிடைத்தார்.

அப்புறம், அந்தப் பிரிவு சோதனைகளுக்கும் வழிவிட்டது. சிகாகோவில் டேவிட் மெக்நீலின் ஆய்வுக்கூடத்தில் வாட்டர்மேனின் கைகளை அவரே பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டுப் பேசவிட்டார்கள். பார்க்காமல் ஒரு பொருளைப் பிடிக்க முடியாத அந்த மனிதரின் கைகள், பேச்சோடு சேர்ந்த சைகைகளை மட்டும் ஏறக்குறையச் சரியான நேரத்தில், சரியான வடிவத்தில் செய்தன. ஆக, சைகை வெறும் கை அசைவு இல்லை, அது மொழியோடு சேர்ந்தது என்று கோல், கல்லாகர், மெக்நீல் மூவரும் 2002இல் வாதிட்டார்கள். உடல் திட்டம் போனால் எல்லா அசைவும் போக வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்?

யாழ்நிலா

நான் யாழ்ப்பாணம், உளவியல் படித்தனான். ஒரு விஷயத்தை ஒருவரும் தொடவில்லை: ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய்.

சிலர் சொல்வார்கள், "இந்த எண்ணம் என்னுடையதல்ல, அவன் என் தலைக்குள் போட்டது" என்று. வேப்பங்கிளை அண்ணா சொன்ன பிரிவை இங்கே வைத்துப் பாருங்கள். எண்ணம் *என்* தலைக்குள் நடப்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, இல்லாவிட்டால் முறைப்பாடே வராது. அதை யோசித்தது தான் இல்லை என்றுதான் சொல்கிறார். உடைமை இருக்கிறது, செய்பவர் உணர்வு இல்லை.

ஜாய்ஸ்டிக் சோதனையில் வந்த அதே கிறிஸ் ஃப்ரித் 1992இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கையை அசைக்கச் சொல்லி மூளை ஆணையிடும்போது, அதன் பிரதி ஒன்று ஒப்பிடும் பொறிமுறைக்குப் போகிறது. எதிர்பார்த்த விளைவும் வந்த விளைவும் பொருந்தினால் "நான் செய்தது" என்று தோன்றும். தன்னைத்தானே கிச்சுக்கிச்சு மூட்ட முடியாமல் இருப்பதும் இதனால்தான் என்று பிளேக்மோர், வோல்பர்ட், ஃப்ரித் 1998இல் காட்டினார்கள். யோசிப்பதும் ஒரு செயல்தான், அங்கேயும் இதே பொறிமுறை பழுதானால் எண்ணம் அந்நியமாகும் என்பது ஃப்ரித்தின் வாதம்.

கல்லாகர் இதை நிகழ்வியலை வைத்தே மறித்தார். ஓர் எண்ணத்தை எண்ணுவதற்கு முன் "இதை எண்ணப் போகிறேன்" என்று நாங்கள் நினைப்பதுண்டா? அப்படி ஒரு ஆணையே இல்லை என்றால் எதன் பிரதி எங்கே போகும்? அதோடு, தானாக வரும் எண்ணங்கள் எல்லோருக்கும் உண்டு, ஒரு பாட்டு வரி நாள் முழுக்க ஓடும். அதை எவரும் அடுத்தவன் போட்டதாக நினைப்பதில்லை. பொறிமுறை பழுதென்றால் எல்லா எண்ணமும் அந்நியமாக வேண்டும். ஏன் சிலது மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட ஆளுடையதாகத் தோன்றுகிறது? இந்தக் கேள்விகள் ஃப்ரித்தின் விளக்கத்துக்கு உண்மையாகவே தலையிடி.

மாற்றாக ஹுசர்லின் கால ஆய்வைக் கொண்டுவந்தார். ஒரு மெட்டைக் கேட்கும்போது போன சுரம் இன்னும் பிடியில் இருக்கும், வரப்போகும் சுரத்துக்கான எதிர்நோக்கும் இருக்கும். என் எண்ணங்களுக்கும் அந்த எதிர்நோக்கு இருக்கிறது. அது மட்டும் அறுந்துபோனால், எண்ணம் முன்னறிவிப்பில்லாமல், முழுசாக முடிந்த பொருளாக வந்து நிற்கும். என்னுள் நடக்கும், ஆனால் நான் தொடங்கியதாக இராது.

இது நிரூபணமாகவில்லை, கருதுகோள்தான். ஆனாலும் நோயாளியோடு கதைக்கும்போது எதைக் கேட்பது என்பதை இது மாற்றுகிறது. "யார் போட்டது?" என்பதோடு நிற்காமல், "அந்த எண்ணம் எப்படி வந்தது? வருவது தெரிந்ததா?" என்று கேட்கலாம்.

சும்மா_வாசிப்பவன்

இந்தப் பதிவை இரண்டு தடவை படித்தேன். நன்றி யாழ்நிலா.

கணினிக்கிழவன்

யாழ்நிலா சொன்னதில் எனக்கு ஆட்சேபம் குறைவு. ஒரு மாடலில் ஓட்டை எங்கே என்று காட்டுவது நல்ல வேலை. அதற்குத் தத்துவக்காரரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தம்பி ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள். அறிவியல் மாறினால் இந்தக் கட்டடம் என்ன ஆகும்? கல்லாகர் 1996இல் மெல்ட்ஸாஃப் என்பவரோடு சேர்ந்து எழுதியதை நானும் தேடிப் படித்தேன். பிறந்த குழந்தை, பெரியவர் நாக்கை நீட்டினால் தானும் நாக்கை நீட்டும்; தன் முகத்தைப் பார்த்ததே இல்லாத குழந்தை இதைச் செய்வதால், உடல் திட்டம் பிறவியிலேயே இருக்கிறது, அது மெதுவாகத்தான் உருவாகும் என்ற மெர்லோ-பாண்டி தவறு என்பது வாதம். இது நின்றது மெல்ட்ஸாஃபும் மூரும் 1977இல் செய்த சோதனையின்மேல். 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளைப் பல வாரங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். நாக்கை நீட்டிக் காட்டினாலும், வேறு எதைக் காட்டினாலும் குழந்தை நாக்கை நீட்டுவதில் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் மெர்லோ-பாண்டி திரும்பவும் சரியாகிவிட்டாரா? ஆய்வு முடிவைப் பொறுத்துத் தத்துவம் கட்சி மாறினால், அதற்கென்று சொந்த நிலம் எது?

வேப்பங்கிளை

2016 முடிவை மெல்ட்ஸாஃப் தரப்பு ஏற்கவில்லை. அதே தரவை மறுபடி அலசி, பின்பற்றல் இருக்கிறது என்று எழுதினார்கள். சண்டை முடியவில்லை. ஆனால் பிறவி உடல் திட்டம் என்ற பகுதி இப்போது முன்பைப் போல உறுதியாக நிற்கவில்லை என்பது உண்மை. கல்லாகரின் புத்தகத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்த அத்தியாயமும் அதுதான்.

ஆனால் கட்சி மாறுவதை ஏன் குறையாகப் பார்க்கிறீர்கள்? "குழந்தைக்கு எப்போது உடல் திட்டம் வருகிறது?" என்பது அனுபவத்தை விவரித்துத் தீர்க்கக்கூடிய கேள்வியே இல்லை. மெர்லோ-பாண்டியும் தன் காலத்துக் குழந்தை உளவியலை நம்பித்தான் அதைச் சொன்னார். கல்லாகர் 1997இல் ஒரு கட்டுரைக்குப் பரஸ்பர வெளிச்சம் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். வெளிச்சம் இரண்டு பக்கமும் பாய வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அது பாய்ந்த இடத்தையும் காட்டுகிறேன். ஜாய்ஸ்டிக் சோதனைக்கே திரும்புவோம். ஆய்வாளர் வட்டத்தை ஓட்டும் சுற்றிலும் நீங்கள் ஜாய்ஸ்டிக்கை அசைக்கிறீர்கள் அல்லவா? யாரும் உங்கள் கையைப் பிடித்து அசைக்கவில்லை, நீங்களாகவே அசைக்கிறீர்கள். அப்படியென்றால் அங்கும் ஒரு செய்பவர் உணர்வு இருக்கிறது! கை அசைவுக்கு நான் பொறுப்பு, வட்டத்துக்கு இல்லை. கல்லாகரே இதைக் கவனித்து எழுதினார்: அந்தச் சோதனை செய்பவர் உணர்வு முழுவதையும் அளக்கவில்லை, உலகில் நான் உண்டாக்கும் விளைவு என்ற பகுதியைத்தான் அளந்தது, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி இரண்டு சுற்றிலும் மாறாமல் இருந்தது. 2000இல் ஒன்றாக இருந்த கருத்து, சோதனையைப் பார்த்தபின் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. மூளைப் படத்தில் முன் இன்சுலா ஒளிர்ந்ததற்கு என்ன பொருள் என்பதும் அதோடு மாறுகிறது.

கணினிக்கிழவன்

இது நல்ல பதில். "பரஸ்பரம்" என்று எழுதிவிட்டுப் போகாமல் எங்கே என்று காட்டினீர்கள்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். இந்த இரண்டாம் பிரிவை ஒரு நல்ல சோதனை வடிவமைப்பாளரே கண்டுபிடித்திருக்க மாட்டாரா? ஹுசர்ல் தேவையா?

வேப்பங்கிளை

கண்டுபிடித்திருக்கலாம். ஃபாரரும் ஃப்ரித்தும் திறமைசாலிகள்தான், ஆனாலும் அவர்கள் கட்டுரையில் இரண்டும் கலந்தே கிடக்கிறது. ஹுசர்லைப் படிக்காதவரும் இதைச் செய்யலாம். செய்யும்போது அவர் செய்வது நிகழ்வியல்தான் என்பேன். நீங்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றும் தெரியும்.

பிசியோ_மதுரை

சார், இந்த இரண்டு அடுக்கு விஷயம் எனக்கு உடனே உபயோகப்படுகிறது. பக்கவாதம் வந்த கையால் டம்ளரை நகர்த்தியபின் சிலர் "டம்ளர் நகர்ந்துச்சு, ஆனா நான் நகர்த்துன மாதிரி இல்ல" என்கிறார்கள். கேட்டால் கையை அசைத்தது தாங்கள்தான் என்றும் சொல்கிறார்கள். இதுவரை எல்லாவற்றையும் "உணர்வு குறைவு" என்று ஒரே வரியில் குறித்து வைத்தோம். இனி இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக் குறிக்கலாம் என்று பார்க்கிறேன். யாழ்நிலா, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளை நீங்கள் எப்படி அமைப்பீர்கள்? தனிமடல் அனுப்புகிறேன்.

யாழ்நிலா

ஓம் அக்கா, அனுப்புங்கோ. "யார் செய்தது?" என்று நேரடியாகக் கேட்க வேண்டாம், அது பதிலை அவர்கள் வாயில் வைத்துவிடும். "கை போனபோது எப்படி இருந்தது, டம்ளர் போனபோது எப்படி இருந்தது?" என்று தொடங்குங்கோ.